தறி நான்கு, கேட்பவர் முப்பது!

தோழர்களே!

காஞ்சிப் பட்டு வேண்டும் என்கிறீர்கள். தீபாவளிக்கு முன்பே வேண்டும் என்கிறீர்கள். கேட்பது குற்றமன்று. ஆனால், நெய்து கொடுக்கும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

வாருங்கள், எண்ணுவோம். ஒரு வீடு, அங்கே 4 தறிகள். கோர்வைக் கரைச் சேலையைத் தனியொருவர் நெய்திட இயலாது; நெய்பவர் ஒருவர், அருகமர்ந்து கரைக்கு நாடா தள்ளுபவர் மற்றொருவர். சேலைக்கு 15 நாள் என்று கொண்டால், தறிகள் ஓயாது ஓடினும் திங்களுக்கு 8 சேலை. புரட்டாசி, ஐப்பசி இரண்டிலும் 16. கேட்டு நிற்பவரோ 30 பேர்!

அந்த ஐப்பசிதான் அடைமழைக் காலம். தெருவிலே பாவு விரிக்க வழியில்லை. குழித்தறியிலே ஈரம் ஊறுகிறது. ஊர் கேட்கும் வேளையில் வானம் கையைக் கட்டிப் போடுகிறது! மிச்சம் 14 சேலை எங்கிருந்து வரும்? விசைத்தறியிலிருந்து வரும், ‘கைத்தறி’ என்று பொய்ப்பெயர் பூண்டு வரும்! சேலை உள்ளிட்ட சில துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் சட்டம் செய்தார்கள். சட்டம் ஏட்டிலே, வஞ்சகம் கடைவீதியிலே!

ஆடி பிறந்தால்? மணமேடை இல்லை, மங்கல இசை இல்லை, தறியும் ஊமையாகிறது. ஓடாத தறிக்குக் கூலி உண்டா? அடுப்புக்குத்தான் விடுமுறை உண்டா? ஐப்பசியிலே முதுகு ஒடிகிறது. ஆடியிலே வயிறு ஒட்டுகிறது. இடையிலே வட்டிக்காரன் கொழுக்கிறான்!

“தறியைப் பெருக்கு” என்பார் சிலர். தறியை மரத்தால் செய்யலாம்; கையை எதனால் செய்வது? கோர்வை கைவர ஆண்டுகள் ஆகும். ஐப்பசிக்காகச் சேர்த்த ஆட்களுக்கு ஆடியிலே சோறிடுபவர் யார்?

வழி இதுதான். 16 முடியுமெனில் 16 மட்டுமே ஏற்க வேண்டும். பதினேழாமவரிடம், “தையிலே வாருங்கள்” எனச் சொல்லும் துணிவு வேண்டும். வருகிறவரை விரட்டுவதன்று அது, வாக்கைக் காப்பது! ஆடியிலும் தறி ஓட வேண்டும். பட்டுக்கும் சரிகைக்கும் முதல் போட்டுச் சேலையை அடுக்கி வைக்க ஏழை நெசவாளியால் ஆகுமா? ஆகாது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும், ஊர்தோறும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களும் அந்தச் சுமையைத் தாங்கட்டும். ஆடியிலே வாங்கி ஐப்பசியிலே விற்கட்டும்.

உங்களுக்கும் பங்குண்டு, தோழர்களே! ஆனியிலேயே சொல்லுங்கள், முன்பணம் கொடுங்கள், காத்திருங்கள். நீங்கள் பொறுக்கும் மூன்று திங்கள், ஒரு குடும்பத்துக்கு மூன்று திங்கள் சோறு!