உமியோடு கூடிய நெல்

உமி நீங்கிய அரிசி உண்ண உதவும், முளைக்க உதவாது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த இவ்வுண்மை, பழம்பொருள் திரட்டுவோரிடையே நெடுநாளாக நிகழ்ந்துவரும் ஒரு வழக்கிற்குத் தீர்ப்பாக அமையுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருளை மட்டும் பாதுகாத்தால் போதுமா? அது கடையிலிருந்து வந்தபோது அதனைத் தாங்கிவந்த அட்டைப்பெட்டியையும் உறையையும் குறிப்புத்தாளையும் சேர்த்தே காத்தல் வேண்டுமா? இதுவே அவ்வழக்கு.

பழைய நிழற்படக் கருவிகளைத் திரட்டும் உதகை அன்பர் ஒருவர் இல்லத்தில் இவ்வினா நம்முன் எழுந்தது. அவரிடம் 'இந்து' படச்சுருள்கள் சில இருந்தன. அவை எந்த ஆண்டில் செய்யப்பட்டவை என்று வினவினோம். "பெட்டியில் அச்சிட்டிருந்தது, இடம் போதவில்லை என்று பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டேன்" என்றார். சுருள் கையில் இருந்தது. அதன் வரலாறு கைநழுவிப் போயிருந்தது.

'இந்து' என்னும் பெயர் நீலகிரிக்கு உரிய பெயர். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நடுவணரசு நிறுவனம் 1960இல் தோற்றுவிக்கப்பட்டு, 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. தூசு குறைந்த காற்றும் தூய நீரும் குளிர்ந்த தட்பவெப்பமும் படச்சுருள் தொழிலுக்கு இன்றியமையாதவை. இம்மூன்றும் அமைந்த மலையாதலின் உதகை தேர்ந்தெடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களும், அச்சிடும் தாள்களும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே படலங்களும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. வெள்ளி உப்பு பூசப்பெற்ற படலம் ஒளி கண்டால் கெட்டுவிடும். ஆதலின் தொழிலாளர் பலர் தம் பணிநேரத்தை இருளிலேயே கழித்தனர். வண்ணப்படம் பெருகியதாலும், இறக்குமதிப் போட்டியாலும், பின்னர் வந்த எண்ணியல் கருவிகளாலும் நலிவுற்ற அவ்வாலை இன்று மூடப்பட்டுவிட்டது. இந்து நகர் என்னும் குடியிருப்பின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

படச்சுருளின் தன்மையை அறிந்தோர்க்கு அதன் பெட்டியின் அருமை விளங்கும். பெயரும் ஒளியுணர் வேகமும் சுருளின் மீதே காணப்படலாம். எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது, எந்த மாதத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்னும் செய்திகளோ பொதுவாகப் பெட்டியின் புறத்திலேயே அச்சிடப்படும். வெயிலில் எவ்வளவு, நிழலில் எவ்வளவு ஒளி விடுதல் வேண்டும், எந்தக் கரைசலில் எத்தனை நிமிடம் கழுவுதல் வேண்டும் என்பன உள்ளிருக்கும் தாளில் இருக்கும். ஆகவே பெட்டியை எறிந்தவர் ஒரு வகையில் பிறப்புச் சான்றிதழையே எறிந்தவராகிறார்.

இந்நிலை படச்சுருளோடு முடிவதன்று. நீலகிரித் தோட்டங்களிலிருந்து தேயிலை சென்ற ஒட்டுப்பலகைப் பெட்டிகளை முதியோர் நினைவில் வைத்திருப்பர். உள்ளே ஈயம்போல் மின்னும் அலுமினியத் தாள். புறத்தே தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், எடை, பெட்டியின் எண். தேயிலை கொதிநீரில் கரைந்து போயிற்று. எத்தோட்டம் எத்தரத்தைச் செய்தது என்பதைச் சொல்ல எஞ்சியது பலகையே. அதனையும் பலர் அடுப்பில் வைத்துவிட்டனர்.

தமிழ் பயில்வோராகிய நாம் பிறரைக் குறை கூறுமுன் நம் நூலகங்களையும் நோக்குதல் நன்று. பழைய இதழ்களைக் கட்டடம் செய்யும்போது மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிட்டுத் தைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. விலை, வெளியான திங்கள், அச்சகம், அக்கால வணிகம் ஆகிய யாவும் அவ்வட்டையோடு அகன்றன. இதற்கு மாறாக ஒழுகியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களையும் இதழ்களையும் திரட்டிய அவர், பிறர் கசக்கி எறியும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் விட்டாரல்லர். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் 1994இல் அவர் பெயரால் ஆய்வு நூலகம் நிறுவப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்று நாடிச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று.

இளைஞர் விரும்பும் வீடியோ விளையாட்டுத் துறையிலும் இவ்வழக்கு கடுமையாகவே நடைபெறுகின்றது. நிண்டெண்டோ நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'ஸ்டார்டிராபிக்ஸ்' என்னும் விளையாட்டின் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. அதனை நீரில் நனைத்தால் மறைந்திருந்த எண் ஒன்று தோன்றும். அவ்வெண்ணைக் கேட்டு விளையாட்டு ஓரிடத்தில் நின்றுவிடும். கடிதத்தை இழந்த சிறுவன் பிறரைக் கேட்டன்றி மேலே செல்ல இயலாது. உறையும் பொருளும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எனினும் மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையோடு எடைபோடுதல் வேண்டும். முதலாவது இடநெருக்கடி. ஈரறை வீட்டில் வாழ்வோரிடம் எல்லாப் பெட்டிகளையும் காத்துவையுங்கள் என்பது இரக்கமற்ற அறிவுரை. இரண்டாவது மலைநாட்டின் ஈரம். இரு பருவமழைகளும் மூடுபனியும் சூழும் நீலகிரியில் அட்டை விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். அது பொருளுக்கும் பரவும். மூன்றாவது, யாவற்றினும் வலியது, பேராசை. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் பிரிக்கப்படாத பெட்டி ஒன்று 2021இல் இருபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதனுள் இருப்பதை எவரும் ஆடப்போவதில்லை. ஆடுதற்கென்று செய்த பொருள் ஆடப்படாமலேயே பேழையில் கிடப்பது உமியைத் தொழுது நெல்லை மறப்பதாகும். வீண்விரயத்தை விலக்கும் நம் இறைமறை, பொருளைக் குவித்துக் களிப்பதையும் கண்டிக்கின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே வழி உண்டு என்பது நம் கருத்து. பொருளின் மீது இல்லாத செய்தி உறையின் மீது உள்ளதா? உறையின்றிப் பொருளைப் பயன்படுத்த இயலாதா? அவ்வகையில் அது எஞ்சிய சிலவற்றுள் ஒன்றா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையாயின் உறையைக் காத்தல் கடன். மூன்றுக்கும் 'இல்லை' எனின், எல்லாப் புறங்களையும் படம் எடுத்துக்கொண்டு, மாதிரிக்கு ஒன்றை வைத்து, ஏனையவற்றைத் தயக்கமின்றி விட்டுவிடலாம்.

காப்போர் முறையறிந்து காக்கவேண்டும். செல்லோடேப் ஒட்டுதலும் ரப்பர் வளையம் இடுதலும் அட்டைக்குப் பகை. வெளிச்சுவரை ஒட்டி வைத்தலும் தீது. அசிடேட் படச்சுருளிலிருந்து புளித்த காடி நாற்றம் எழுமாயின், அதன் அமில ஆவி பெட்டியை அரிக்கும். அந்நிலையில் சுருளையும் பெட்டியையும் பிரித்து வைத்து, எது எதனுடையது என்று எழுதிவைத்தலே அறிவுடைமை. சேர்த்தே காக்கவேண்டும் என்று வாதிடும் நாமே பிரித்து வைக்கச் சொல்கின்றோமே என நகைக்கற்க. உறவு ஏட்டில் இருக்குமாயின் இடம் வேறாவதால் இழப்பில்லை.

நிறைவாக ஒன்று. ஒரு வெற்றுப் பெட்டியை நாம் ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம்? இருளில் நின்று உழைத்த நீலகிரித் தொழிலாளர் எவர் பெயரும் எந்தச் சுருளிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள், இதனைச் செய்தார்கள் என்பதற்கு மக்கள் கையில் எஞ்சியுள்ள எளிய சான்று அவ்வட்டைப்பெட்டியே. அது திரட்டியவரின் சொத்தன்று. அடுத்த தலைமுறைக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் மாணவர்கள் விடுமுறையில் மலைக்குச் செல்லும்போது ஒன்று செய்யலாம். அவ்வாலையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்தம் பரணில் ஒரு பெட்டியேனும் இருக்கக்கூடும். அதனைக் கேட்டு வாங்குமுன், அதனைச் செய்த கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியும் கதையும் ஒருங்கே ஒரு நூலகத்தை அடையுமாயின், நெல் உமியோடு விதைக்கப்பட்டதாகும்.