சிக்கனத்தின் பெயரால் சமையலறைக்குள் அமிலமா?



சலவைத் தூளையும் சலவைத் திரவத்தையும் வீட்டிலேயே தயாரித்தால் மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்னும் அறிவுரை, இன்று நம் பெண்களின் கைப்பேசிகளுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. சிக்கனத்தை நாம் எதிர்ப்பவர்கள் அல்லர். வீண் விரயத்தைத் திருக்குர்ஆன் கடுமையாகக் கண்டிக்கிறது. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் தண்ணீரை அளவோடு எடுக்கக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் துறைமுகக் கூலியையும் ஒப்பந்த வேலையையும் சிறு வியாபாரத்தையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு 200 ரூபாய் என்பது பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்தில் ஒரு பங்கு.

நம் பகுதியில் சலவைச் செலவு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்கு இடம் பெயர்ந்தது. தூசியும் அதனுடன் சென்றது. அனல்மின் நிலையத்தின் சாம்பலும், லாரிகளின் புகையும், பட்டறை எண்ணெயும் படிந்த துணிகளைத் துவைப்பவர்களுக்கு ஒரு பொட்டலம் தூள் எத்தனை நாளைக்கு வரும்? ஆகவே மாற்று வழி தேடும் சகோதரிகளை நாம் குறை கூறவில்லை.

நம் எதிர்ப்பு, அவர்களுக்குக் கற்பிக்கப்படும் ஒரு குறிப்பிட்ட செய்முறையின் மீது. ஆசிட் சிலரி ஒரு கிலோ, காஸ்டிக் சோடா இத்தனை கிராம், நுரைக்கு ஒரு பொருள், மணத்துக்கு ஒரு பொருள், பிளாஸ்டிக் வாளி, ஒரு குச்சி; வீட்டிலேயே கலக்குங்கள், பரக்கத் பெறுங்கள் என்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று அழைப்பது தவறு என்பதே நம் வாதம்.

ஆசிட் சிலரி எங்கிருந்து வருகிறது என்பதை நம்மைவிட நன்கு அறிய வேண்டியவர் யாருமில்லை. திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில் இருக்கும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில், மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பாரஃபினையும் பென்சீனையும் கொண்டு லீனியர் அல்கைல் பென்சீன் என்னும் திரவத்தைத் தயாரிக்கிறார்கள். அந்தத் திரவத்தைச் சல்ஃபர் டிரை ஆக்சைடு போன்ற பொருளுடன் வினைபுரியச் செய்தால் கிடைக்கும் பழுப்பு நிறக் கெட்டிக் குழம்பே ஆசிட் சிலரி. கடையில் விற்கும் சலவைத் தூள்கள் பலவற்றிலும் அழுக்கை எடுப்பது இதுதான். ஆனால் அங்கே இது முழுவதும் நடுநிலையாக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்னரே பொட்டலத்துக்குள் செல்கிறது. இங்கேயோ கடுமையான அமிலமாகவே ஒரு பழைய கேனில் நம் வாசலுக்கு வந்து சேருகிறது.

அதனுடன் சேர்க்கச் சொல்லும் காஸ்டிக் சோடா அதைவிடக் கொடியது. தண்ணீரில் போட்டவுடன் அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாறாகக் காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது பொங்கித் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைத்தால் பாத்திரம் அரிக்கப்படுவதுடன், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். அடுப்பு எரியும் அறையில் செய்யக்கூடிய வேலையா இது? சாக்கடைக்கென வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் ஆசிட் சிலரியுடன் கலந்துவிட்டால் குளோரின் வாயு எழும். ஆலையில் இந்த வேலைக்குக் கண்ணாடி, கையுறை, காற்றோட்டம், உடனே கழுவத் தண்ணீர்க்குழாய், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் உண்டு. பத்துக்குப் பத்து அறையில், தொட்டிலில் குழந்தை தூங்க, அடுப்பில் சோறு வேக, இவற்றுள் எது உண்டு?

எஞ்சியதைத் தண்ணீர்ப் பாட்டிலிலும் குளிர்பானப் பாட்டிலிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப் போகும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையே கதி. மாதம் 100 ரூபாய் மிச்சம் பிடித்த கணக்கை அந்தத் தாயிடம் யார் போய்ச் சொல்வது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நாம் மறந்துவிட்டோமா? எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியிருந்தது. இரசாயனத்தைக் கையாளுவோர் பொறுப்புடன் கையாள வேண்டும் என்று வீதியில் அமர்ந்து கேட்டவர்கள் இந்தக் கரையோர மக்கள். ஆலைக்காரர்களிடம் நாம் கேட்ட பாதுகாப்பை நம் வீட்டுப் பெண்களுக்கு மறுப்பது எந்த நியாயம்? தீங்கை அகற்றுவது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அந்த விதி வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு மறுமொழியாக நிர்மாவின் கதையைச் சொல்வார்கள். அகமதாபாத்தைச் சேர்ந்த கர்சன்பாய் படேல் 1969இல் தம் வீட்டிலேயே தூள் தயாரித்து, சைக்கிளில் எடுத்துச் சென்று விற்றுப் பெருந்தொழிலை உருவாக்கினார் என்பது உண்மையே. ஆனால் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அவர் வேதியியல் படித்து அதே துறையில் வேலை பார்த்தவர். மற்றொன்று, அன்று பெருநிறுவனத்தின் தூள் அவருடைய தூளைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான விலையில் விற்றது. அந்த இடைவெளியில்தான் அவர் நுழைந்தார். அந்தப் போட்டியின் பயனாகவே இன்று சாதாரணத் தூள் மலிவாகக் கிடைக்கிறது. மூலப்பொருளைச் சில்லறையில் கிலோ கணக்கில் வாங்கும் நம் சகோதரி, டன் கணக்கில் வாங்கும் ஆலையை விலையில் வெல்வது எளிதன்று. விளம்பரத் தூளின் விலையோடு ஒப்பிட்டு இலாபம் காட்டுகிறார்கள். சாதாரணத் தூளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்பது விளங்கும்.

இந்தச் சலவைத் திரவத்தை விற்றுப் பிழைக்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களின் ஹலாலான உழைப்பை நாம் மதிக்கிறோம். தொழிலாகச் செய்வோர் முறையான பயிற்சி பெற்று, குழந்தைகள் நெருங்காத தனி இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பெயர் எழுதிய கலன்களில் செய்யட்டும். வீட்டுச் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பத்துக்கு அந்தத் தொழிற்கூடம் தேவையில்லை.

அப்படியானால் சிக்கனம் எங்கே இருக்கிறது? முதலில், நுரையைப் பற்றிய மயக்கம் தெளிய வேண்டும். நுரை அதிகமானால் துணி அதிகம் சுத்தமாகும் என்பதும், மணம் இருந்தால்தான் பாக்கானது என்பதும் விளம்பரம் கற்பித்தவை. தொழுகைக்குரிய ஆடையில் நஜீஸ் நீங்கத் தண்ணீரால் கழுவுவதே அடிப்படை. நுரையையும் வாசனையையும் மார்க்கம் நிபந்தனையாக்கவில்லை. நமக்கு அருகிலுள்ள வண்ணாரப்பேட்டையின் பெயரே, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்த சலவைத் தொழிலாளர்களால் வந்தது. அக்காலத்துச் சலவையாளர்கள் உவர்மண்ணையும் வெள்ளாவியையும் வெயிலையும் கொண்டு வெளுத்தார்கள்.

அளவு அடுத்தது. நாளொன்றுக்கு 100 கிராம் தூளைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடும் வீட்டில் மாதம் 3 கிலோ செலவாகும். அதே வீட்டில் கரண்டியால் அளந்து 60 கிராம் போட்டால் 1 கிலோ 800 கிராம் போதும். 1 கிலோ 200 கிராம் தூள் எந்த அமிலமும் இல்லாமல் மிச்சமாகிறது. ஊறவைக்கும் நேரத்தைக் கூட்டினால், பெரும்பாலான துணிகளுக்குக் குறைந்த அளவே போதும்.

வீட்டில் தயாரித்தே தீர வேண்டும் என்போருக்கும் வழியுண்டு. 250 கிராம் சாதாரணச் சலவை சோப்பைத் துருவி நிழலில் உலர்த்தி, 500 கிராம் சலவை சோடாவுடன் கலந்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இது சமையல் சோடா அன்று; மளிகைக் கடையில் சலவை சோடா என்றே கேளுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். சோடாவும் தோலை உலர்த்தும், கண்ணை எரிக்கும். ஆகவே கையுறை அணியுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், அலுமினியப் பாத்திரத்தைத் தவிருங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. அவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீரே போதும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடல்நீர் உட்புகுந்த நம் கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் மிகுதி. அந்தத் தண்ணீரில் சோப்பு திரிந்து, வெள்ளை ஜிப்பாவைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒரு கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்துச் சற்றுப் பொறுத்தால் கடினத்தன்மை குறையும். உப்பு மிகுந்த இடத்தில் அதுவும் பயன் தராது. அங்கே மெட்ரோ தண்ணீரில் துவையுங்கள், அல்லது சாதாரணக் கடைத் தூளையே அளந்து போடுங்கள். கடையில் வாங்குவதும் சில வேளைகளில் சிக்கனமே.

இறுதியாக ஆண்களுக்கு ஒரு சொல். சிக்கன உபதேசம் ஏன் எப்போதும் வாளிக்கு முன்னால் குனிந்து நிற்பவளையே தேடி வருகிறது? வலீமா விருந்தில் குப்பைத்தொட்டிக்குப் போகும் பிரியாணியின் விலையில் ஒரு வீட்டுக்கு எத்தனை ஆண்டுக்குச் சலவைத் தூள் வாங்கலாம்? மனைவி தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தேவையான சீப்பு, எண்ணெய், கழுவு பொருள் ஆகியவற்றையும் கணவன் தர வேண்டிய நஃபகாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் சேர்த்துள்ளன. தூய்மையின் செலவு ஆணின் கடமையில் அடங்கியது. அதை அவள் கண்ணையும் கையையும் பணயம் வைத்து ஈடுகட்டச் சொல்வது எந்த ஷரீஅத்திலும் இல்லை. அவள் தன் உழைப்பால் மிச்சம் பிடித்த பணம் இருந்தால், அது அவள் கையிலேயே இருக்கட்டும்.

ஆசிட் சிலரி வீட்டில் இருந்தால், இன்றே குழந்தைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். சாக்கடையில் ஊற்றாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அளவுக் கரண்டி ஒன்றைத் தூள் டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். நம் வீடுகளையும் நம் குழந்தைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.