எழும்பூர் ஆஸ்பத்திரி தர்மசத்திரமல்ல!

"சர்க்கார் எதற்காக ஆஸ்பத்திரி நடத்த வேண்டும்? தனியாரிடம் விட்டால் சுத்தமாக நடத்துவார்கள். ஏழைக்குத்தான் காப்பீட்டு அட்டை இருக்கிறதே!" இப்படி உபதேசம் செய்யும் கனவான்கள் பெருகி வருகிறார்கள். அவர்கள் ஒரே ஒரு இரவு திருவிடந்தைக்கு வந்து தங்கிப் பார்க்கட்டும்.

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளை வேண்டிக்கொண்டால் கல்யாணம் கைகூடும் என்பது நம்பிக்கை. மாலையும் கையுமாக ஜனங்கள் வருகிறார்கள். கல்யாணம் ஆகிறது, பிள்ளையும் பிறக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நடு இரவில் வலிப்பு கண்டால் எந்தச் சந்நிதிக்கு ஓடுவது? எழும்பூருக்குத்தான். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 108 வண்டி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் போய்ச் சேருவதோடு தீர்ந்துவிடுகிறதா? பத்து நாள் பிள்ளையோடு இருக்க வேண்டும். நாற்று நடும் தாய்க்குப் பத்து நாள் கூலி போச்சு. கடலுக்குப் போகும் தகப்பனுக்கு வலை காய்கிறது. வீட்டில் விட்டு வந்த மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்?

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வானத்திலிருந்து குதித்ததல்ல. எந்தச் சீமானும் போட்ட பிச்சையுமல்ல. 1920-களின் பிற்பகுதியில், வெள்ளைக்காரன் ஆட்சியில், சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எழுந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று வாதாடினார். கிடைத்தது என்ன? பிரசவ ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு குழந்தைகள் பிரிவு. நாடு விடுதலை பெற்ற பின், 1948-ல், ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்.டி. ஆச்சார் குழந்தை வைத்தியப் பிரிவைத் தொடங்கினார். 1968-ல்தான் அது எழும்பூர் ஹால்ஸ் சாலையில் தனி ஆஸ்பத்திரியாக நின்றது. இன்று 800-க்கும் அதிகமான படுக்கைகள். பச்சைக்குழந்தைக்கு, இருதயத்துக்கு, சிறுநீரகத்துக்கு, நரம்புக்கு, ரத்தத்துக்கு, அறுவைக்கு என்று தனித்தனிப் பிரிவுகள். தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அங்கே தாய்ப்பால் வங்கி ஒன்றும் இருக்கிறது. பால் மிகுந்த தாய் கொடுக்கிறாள். பெயர் தெரியாத இன்னொருத்தியின் குறைமாதப் பிள்ளை குடிக்கிறது. சாதி கேட்பதில்லை, விலை பேசுவதில்லை. இப்படி ஒரு ஏற்பாடு எந்த முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறும்?

குழந்தைக்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பதுண்டு. குழந்தை என்பது சின்ன அளவில் செய்த பெரிய ஆளல்ல. மருந்தை எடை பார்த்து அளக்க வேண்டும். துளி கூடினாலும் விஷம். கையில் ஊசி ஏற்ற நரம்பு அகப்படாது. வயிற்றுப்போக்கு கண்டால் பெரியவன் இரண்டு நாள் தாங்குவான், மூன்று கிலோ பிள்ளை சில மணி நேரத்தில் வற்றிப்போகும். குறைமாதப் பிள்ளைக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளவும் தெரியாது. இதற்கென்றே பழகிய டாக்டரும் நர்சும் கருவியும் வேண்டும். அந்தப் பழக்கத்தை எழும்பூரில் பெற்றுத்தான் எத்தனையோ டாக்டர்கள் தனியார் ஆஸ்பத்திரிகளில் அமர்ந்திருக்கிறார்கள். கற்றுக்கொடுத்த செலவு ஜனங்களுடையது, வசூல் முதலாளியுடையது!

"தர்மவான்கள் கட்டவில்லையா?" என்று பம்பாயைக் காட்டுவார்கள். பரேல் ஆலைப் பகுதியில் 1929-ல் வாடியா குடும்பத்தார் குழந்தைகள் ஆஸ்பத்திரி திறந்தார்கள். நல்ல ஆஸ்பத்திரி, எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வாடியாக்கள் யார்? ஆலை முதலாளிகள். அவர்கள் பெட்டியில் விழுந்த பணம் யார் நூற்ற நூல், யார் நெய்த துணி? முந்திய ஆண்டு, 1928-ல்தான் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தார்கள். அதோடு முடிந்ததா? 2020 ஜனவரியில் சர்க்கார் மானியம் தேங்கிப்போய் அதே ஆஸ்பத்திரி மூடப்படும் நிலை வந்தது. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், உயர்நீதிமன்றம் கடிந்துகொண்டது, அப்புறம்தான் பணம் வந்தது. தர்மவான் பெயர் வாசலில் இருந்தாலும் உலை எரிவது பொதுப் பணத்தில்தான்.

காப்பீட்டு அட்டையின் கதையும் அதுதான். பட்டியலில் உள்ள அறுவைக்கு, சிகிச்சைக்கு, சர்க்கார் பணம் கட்டுகிறது. அதில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பிள்ளைக்கு வந்த சாதாரணக் காய்ச்சலுக்கும் பஸ் கட்டணத்துக்கும் இழந்த கூலிக்கும் அட்டை வாய் திறக்காது. அதே பணத்தில் பக்கத்தில் ஒரு வார்டு கட்டினால் அது நூறு வருஷம் நிற்கும்.

"தமிழ்நாடு எவ்வளவோ முன்னேறிவிட்டதே" என்கிறார்கள். ஆம். பிறக்கும் 1,000 குழந்தைகளில் முதல் வயதுக்குள் இறந்தவை 1971-ல் 113, 2020-ல் 13. கிராம நர்சும் தடுப்பூசியும் சர்க்கார் ஆஸ்பத்திரியும் இதில் பெரும்பங்கு செய்தன. ஆனால் பக்கத்துக் கேரளத்தில் அதே ஆண்டு எண் 6. அப்படியானால் மிச்சம் 7 பிள்ளைகளைக் கொண்டுபோனது விதியா?

பணமில்லையாம்! 2018 ஏப்ரலில் இதே திருவிடந்தைக் கடற்கரையோரத்தில் நான்கு நாள் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கியும் விமானமும் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் கடை பரப்பின. காவேரிக்காக ஜனங்கள் கறுப்புக் கொடி பிடித்த அந்த நேரத்தில் பிரதமர் பறந்து வந்து திறந்துவைத்தார். கொலைக் கருவிக்குப் பந்தல் போட இடமும் பணமும் ஒரே மூச்சில் கிடைத்தன.

செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் இன்னொரு காட்சி. குழந்தைகளுக்கான தடுப்பூசி தயாரிக்க 100 ஏக்கராவில், 594 கோடி ரூபாய்த் திட்டத்தில் மத்திய சர்க்கார் கட்டிய வளாகம். கொரோனா கொன்று குவித்த 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு தடுப்பூசிகூடத் தயாராகவில்லை. குத்தகைக்காவது கொடுங்கள் என்று டில்லிக்குக் கடிதம் எழுதினார். கிண்டியிலும் குன்னூரிலும் கசௌலியிலும் பொதுத்துறை தடுப்பூசிச் சாலைகளின் உரிமத்தை 2008-ல் நிறுத்திவைத்து, 2010-ல் திருப்பிக் கொடுத்த அதே டில்லிதான் இது. இடைப்பட்ட காலத்தில் சந்தை யாருக்குக் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமா?

நாம் கேட்பது இது. 1965-ல் தொடங்கிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எழும்பூரில் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு வைத்தியமும் அங்கேயும் கிடைக்கும்படி வார்டும் டாக்டரும் நர்சும் போடு. ஒப்பந்த ஆளாக அல்ல, நிரந்தரமாகப் போடு. பிள்ளையோடு தங்கும் தாய்க்குச் சோறும் படுக்கையும் கொடு, இழந்த நாளுக்குக் கூலி கொடு. திருமணியில் ஊசி மருந்து உற்பத்தி நடக்கட்டும். திருப்போரூர்த் தாலூகா விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் மீனவக் குப்பத்துத் தாய்மார்களும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டு, கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும். கையெழுத்து வராதவர்கள் ரேகை வைக்கட்டும்.