எது இரைச்சல்?

2020ல் ஊரடங்கு வந்தபோது கர்நாடக சங்கீத வகுப்புகள் கம்ப்யூட்டர் திரைக்குக் குடிபெயர்ந்தன. மாட்டுங்காவும் செம்பூரும் விதிவிலக்கல்ல. அப்போது பலருக்கும் ஒரு விசித்திர அனுபவம்: டீச்சரின் குரல் கேட்கிறது, தம்புராவைக் காணோம். ஸூம் மென்பொருளின் வேலை. விட்டுவிட்டு வந்தால் பேச்சு, விடாமல் வந்தால் இரைச்சல் – அதற்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான். மின்விசிறியும் தம்புராவும் அதன் காதில் ஒன்றே. இசைக்கென்று தனி ஏற்பாடு அதே ஆண்டில் வந்து சேர்ந்தது.

ஒலிப்பதிவைச் சுத்தம் செய்யும் பழைய மென்பொருள்களின் வித்தையும் ஏறக்குறைய இதுதான். யாரும் பேசாத சில விநாடிகளை அதற்குக் காட்ட வேண்டும். எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கணக்கெடுத்து, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். ஸ்டீவன் போல் 1979ல் விவரித்த முறை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், கேசட்டின் 'உஸ்' போன்றவற்றுக்கு நல்ல மருந்து. அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. ச, ஷ, ஸ ஆகியவையும் ஒருவகை 'உஸ்' சத்தங்களே. கழித்தலில் அவையும் தேய்ந்துபோகும். பேசுபவர் தண்ணீருக்குள் இருப்பது போல் கேட்கும்.

சங்கீதத்தில் தம்புரா போனால் உடனே தெரிந்துவிடுகிறது. பேச்சில் எது போனது என்பது தெரிவதில்லை.

தாராவியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மேற்கு ரயில்பாதை, மறுபக்கம் மத்திய ரயில்பாதை. நடுவில் தையல் மெஷின், பட்டறை, தெருக் குழந்தைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களின் ஆரம்ப நாட்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துவருகிறார்கள். அவர்களை இந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் பதிவு செய்தாக வேண்டும். கேட்டு எழுதுபவருக்கு இந்தச் சத்தம் எதிரிதான். ஒரே வாக்கியத்துக்காகப் பத்து முறை பின்னால் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் ரயிலை நீக்கிவிட்ட பதிவை யோசித்துப் பாருங்கள். பெரியவர் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துகிறார். ஐந்து விநாடி மௌனம். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் கேட்பவர் எழுதுவார். உண்மையில் வண்டி போகட்டும் என்று அவர் காத்திருந்தார். சத்தத்துக்கு நடுவே பேசுபவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911லேயே சொல்லியிருக்கிறார். தையல் மெஷினை அழித்துவிட்டால் அந்த உயர்ந்த குரல் மட்டும் மிஞ்சும். சாதாரணமாகப் பேசியவர் கோபக்காரராகிவிடுவார். ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மொழிபெயர்ப்பு போகும்போது அந்தக் கோபம் அச்சிலும் ஏறிவிடும்.

சுத்தமே செய்யக் கூடாது என்பதல்ல வாதம். காதுக்கு எட்டாத பேட்டியால் யாருக்கும் பயனில்லை. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் வகுத்திருக்கும் நெறி எளிமையானது: பழைய பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது எதையும் நீக்காமல், உள்ளது உள்ளபடி ஒரு பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். வெட்டுவதும் துடைப்பதும் நகலில்தான்.

வீட்டுப் பெரியவர்களைச் செல்போனில் பதிவு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முடிந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள். பேச்சு தொடங்குமுன் பத்து விநாடி சும்மா ஓடவிடுங்கள். பின்னால் சுத்தம் செய்யும்போது கைகொடுக்கும். சுத்தம் செய்தபின் மூலத்தை அழித்து இடம் மிச்சம் பிடிக்காதீர்கள். எழுதும்போது 'ரயில் போகிறது' என்று ஒரு வரி சேருங்கள். தாத்தா ஏன் பேச்சை நிறுத்தினார் என்று பேரன் கேட்டால் பதில் அங்கே இருக்கும்.