சுடச் சொல்லிக் கொடுக்கிறோம்... சுடாமல் இருக்க?



2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் 100-வது நாள். கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன மக்கள் மீது துப்பாக்கிச்சூடு. 13 உயிர்கள் போயின. தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே சொல்லிவிட்டது. அந்த அறிக்கை 2022-ல் சட்டமன்றத்துக்கும் வந்தது. யார் மேல் நடவடிக்கை என்ற கேள்வியை நாம விடப்போறதில்லை. ஆனா இன்னொரு கேள்வி இருக்கு.

துப்பாக்கி பிடிக்கும் கான்ஸ்டபிளுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம்? பரேடு, சட்டப் பாடம், அசையாத அட்டையைக் குறிபார்த்துச் சுடுவது. கூட்டத்தைக் கலைக்கிற டிரில்லும் உண்டுதான், ஆர்டர் போட்டால் அடியெடுத்து வைப்பது. எதிரே கல்வீச்சு, பக்கத்துல ரத்தம் வழிய சக போலீஸ், பின்னால அதிகாரியின் சத்தம். மூணே நொடியில் சுடணுமா, பின்வாங்கணுமா? அட்டை அதைச் சொல்லித் தராது.

அமெரிக்காவில் லூயிவில் நகரப் போலீசுக்கு 2019-ல் 'ஐகேட்' என்றொரு பயிற்சி கொடுத்தாங்க. கத்தியோடு நிற்பவர், மனநிலை தடுமாறியவர் என நிஜம் மாதிரியே ஒத்திகை. தள்ளி நில், மறைவு தேடு, பேசி நேரம் வாங்கு, இதுதான் பாடம். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வின்படி, பலப்பிரயோகம் 28% குறைந்தது. போலீசாருக்குக் காயம் 36% குறைந்தது. "போலீஸ் கையைக் கட்டாதீங்க"ன்னு கமெண்ட் போடுறவங்க அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை படிங்க.

அதே லூயிவில் போலீஸ்தான் 2020 மார்ச்சில் ப்ரியோனா டெய்லரை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றது. நள்ளிரவில் கதவை உடைத்து நுழையும் அந்தத் திட்டமே தப்பு. திட்டம் போடுறவங்களை விட்டுட்டு கீழே நிற்பவருக்கு மட்டும் வகுப்பெடுத்தா இப்படித்தான் ஆகும்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். தூத்துக்குடியில் சுட உத்தரவிட்டதாக எஃப்.ஐ.ஆரில் இருப்பவர்கள் துணை தாசில்தார்கள்! பட்டா, சான்றிதழ் பார்க்கிறவங்களுக்கு, எப்போ சுடக்கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

நாம கேட்பது இதுதான்: கான்ஸ்டபிள், எஸ்.பி., தாசில்தார் எல்லாரும் ஒரே இடத்தில், வருஷா வருஷம், நிஜம் போன்ற ஒத்திகை. வண்டலூர் போலீஸ் அகாடமி இருக்கு, இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு ஒத்திகையையும் வீடியோ எடுங்க, எங்கே தப்பு நடந்ததுன்னு உட்கார்ந்து பாருங்க.

அடுத்த முறை உங்க தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்தா கேளுங்க: நம்ம மாவட்டத்துல இப்படி ஒரு ஒத்திகை கடைசியா எப்போ நடந்தது?