விடுதி வேண்டாம் என்போருக்கு

க.பொ.த. உயர்தர வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் எமது ஊர்களில் ஒரு கதை தவறாமல் எழும்பும். "புள்ளைக்கு கெம்பஸ் கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனா ஹொஸ்டல்ல உட ஏலாது." மகனென்றால், வளாகத்துக்கு வெளியே ஊர்ப் பையன்கள் நாலு பேருடன் ஓர் அறை. மகளென்றால், உம்மாவையும் கூட அனுப்பி ஒரு வாடகை வீடு. அதற்கு வசதியில்லாவிட்டால் கிடைத்த அனுமதியைக் கைவிட்டு வீட்டிலிருந்தே வெளிவாரிப் பட்டம்.

அண்மைக் காலமாக இந்தக் கதைக்கு ஒரு கொள்கை முலாமும் பூசப்படுகிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கு அருகிலும் எமது பிள்ளைகளுக்கென்று தனி இல்லம் அமைக்கவேண்டும், தனவந்தர்கள் முன்வரவேண்டும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். பேசுவோரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கொள்கையில்தான் எனக்கு மறுப்பு உண்டு. வளாக விடுதியை விட்டு எமது பிள்ளைகளைக் கூட்டாக வெளியே எடுப்பது அவர்களுக்கு நாம் செய்யும் பாதுகாப்பல்ல; அவர்களுடைய படிப்பில் பாதியை நாமே வெட்டி எறிவதாகும்.

"பல்கலைக்கழக வாசலை மிதிக்காத வாத்தியாருக்கு விடுதியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் படித்தது ஆசிரியர் கலாசாலையில். ஆனால் அங்கே விடுதியில் இரண்டு வருடம் இருந்தவன். அதைவிட முக்கியமாக, வருடா வருடம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, விடுமுறையில் அவர்கள் திரும்பி வரும்போது என்ன ஆகி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கிராமத்து ஆசிரியன். விடுதியில் இருந்தவனையும் வெளியே ஊர்க் கூட்டத்தோடு அறையெடுத்து இருந்தவனையும் அருகருகே நிறுத்திப் பேசவைத்தால் வித்தியாசம் தெரியும். முதலாமவன் சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் பழகியிருப்பான். மற்றவன் நாலு வருடம் கண்டியிலோ மாத்தறையிலோ இருந்துவிட்டும், எமது ஊரின் ஒரு தெருவிலேயே இருந்துவிட்டு வந்திருப்பான்.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மனதில் இருந்தது, மாணவர் தங்கிப் படிக்கும் ஒரு பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தபோது அந்த எண்ணம் கட்டடங்களாக எழுந்தது. விரிவுரை மண்டபங்களுக்குக் கொடுத்த முக்கியத்துவம் விடுதி மண்டபங்களுக்கும் கொடுக்கப்பட்டது. அம்மண்டபங்களின் பெயர்களைக் கவனியுங்கள்: ஜேம்ஸ் பீரிஸ், ஜயதிலக்க, அருணாசலம், இராமநாதன், சங்கமித்தா. உச்ச நீதிமன்ற நீதியரசராயிருந்த எம். ரி. அக்பரின் பெயரால் அக்பர் மண்டபம். மகாவலியைக் கடக்கும் பாலத்துக்கும் அக்பர் பெயர்தான். இராமநாதன் மண்டபத்தில் தமிழர்தான் தங்கவேண்டுமென்றோ அக்பர் மண்டபத்தில் முஸ்லிம்கள்தான் தங்கவேண்டுமென்றோ எவரும் விதி செய்யவில்லை. அக்பரின் பெயரைத் தாங்கிய கூரையின் கீழ் தலைமுறை தலைமுறையாகச் சிங்கள மாணவர்கள் உறங்கி எழுந்து பொறியியலாளர்களாகிப் போயிருக்கிறார்கள். நாமோ எமக்கென்று தனி வீடு தேடுகிறோம்.

இச்சஞ்சிகையின் வாசகர்கள் இலக்கியம் அறிந்தவர்கள். எனவே இலக்கியத்திலிருந்தே ஓர் உதாரணம். 1956இல் பேராசிரியர் சரத்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கையே அது மாற்றியது. அதே பேராதனையில் தமிழ் கற்பித்த பேராசிரியர் வித்தியானந்தன் அதைக் கண்டு, எமது கூத்துக்கும் இவ்வாறு செய்யலாமே என்று எண்ணினார். 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மட்டக்களப்பு மரபுக் கூத்துகள் பல்கலைக்கழக மேடைக்கு வந்தன. மட்டக்களப்பிலிருந்து போயிருந்த மாணவர் மௌனகுரு இராவணனாக ஆடினார். ஒரே வளாகத்தில் ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க நேர்ந்ததால் விளைந்தது இது. பாடம் முடிந்ததும் பஸ் ஏறி அவரவர் சமூகத்தின் இல்லத்துக்குப் போகும் மாணவன் மாலை ஒத்திகையைக் காணமாட்டான். காணாததை எழுதவும் மாட்டான். எமது இளையோரின் கதைகளில் சிங்களப் பாத்திரம் வந்தால் பொலிஸ்காரனாகவோ முதலாளியாகவோ மட்டும் வந்துவிட்டுப் போவது ஏன் என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். எழுதுபவன் ஒரு சிங்களவனுடன் ஓர் அறையில் காய்ச்சலில் கிடந்து, அவன் கொத்தமல்லி அவித்துத் தந்ததைக் குடித்திருக்கவேண்டும். பட்டறையும் கருத்தரங்கும் அந்தப் பழக்கத்தைத் தரமாட்டா.

இந்த நாட்டில் பாடசாலையே பிரிந்து கிடக்கிறது. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம், அதற்குள்ளும் முஸ்லிம் பாடசாலை. ஆறு வயதில் பிரிந்த பிள்ளைகள் பத்தொன்பது இருபது வயதில்தான் ஒரு வாசலால் நுழைகிறார்கள். விரிவுரையில் பக்கத்திலிருப்பது பழக்கமாகாது. ஒரே குழாயில் தண்ணீருக்கு நிற்பதும், மின்சாரம் நின்றால் ஒரே மெழுகுதிரியில் படிப்பதும், ஒருவன் தொழும்போது மற்றவன் வானொலியைக் குறைப்பதும்தான் பழக்கம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது பிள்ளைகள் சந்தேகக் கண்களுக்கு முன்னால் நடக்கவேண்டி வந்தது. "எங்கள் அறையில் இருப்பவள் அப்படிப்பட்டவளல்ல" என்று சொல்லக்கூடிய ஒரு சிங்களத் தோழி ஊடக அறிக்கையால் கிடைப்பவளல்ல. அறையில் கூட இருந்தால் கிடைப்பவள்.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். அவற்றில் கனமானது பகிடிவதை. இதை மறைக்கவோ மெழுகவோ நான் வரவில்லை. 1975இல் பேராதனை இராமநாதன் மண்டபத்தில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த சிங்கள மாணவி நடமாட்டம் இழந்தார். 1997இல் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அதே 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர், சிரேஷ்ட மாணவர்கள் பலவந்தமாகச் செய்வித்த உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இவற்றின் பிறகே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ ஏற்படின் பத்து வருடம் வரையும் சிறைத்தண்டனை என்று அது கூறுகிறது. கூறியும் என்ன? 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது, பகிடிவதைதான் காரணமென்ற குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது.

ஆனால் இதிலிருந்து "ஆகவே வெளியே போவோம்" என்ற முடிவு எப்படி வருகிறது? பகிடிவதை விடுதிச் சுவருக்குள் மட்டும் நடப்பதல்ல. சிற்றுண்டிச்சாலையில் நடக்கிறது, வெளியே எடுத்த அறைகளில் நடக்கிறது. வெளியறையில் காப்பாளருமில்லை, உப காப்பாளருமில்லை, இரவில் தட்டக்கூடிய கதவுமில்லை. இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எமது புதுமுக மாணவனை முதலில் வரிசையில் நிறுத்துபவன் பல இடங்களில் எமது சிரேஷ்ட மாணவன்தான். "நம்மட ஆக்கள்" என்ற உரிமையோடு வதைக்கிறான். அவனும் கூட வந்து குடியேறப்போகும் தனி இல்லம் எந்த வகையில் பாதுகாப்பு? பிள்ளையை ஒளித்து வைப்பதை விட்டு, முறைப்பாடு செய்யத் துணியுங்கள். ஊரில் காணித் தகராறுக்குப் பத்துப் பேர் பொலிஸுக்குப் போகிறோம். பிள்ளையை வதைத்தவனுக்கெதிராக எத்தனை வாப்பாமார் உபவேந்தருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறார்கள்?

அடுத்தது மார்க்கம். பெண் பிள்ளைகளை அங்கே விடலாமா என்கிறார்கள். எமது அரச பல்கலைக்கழக விடுதிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு மண்டபங்கள். மாலைக்குப் பின் வெளியே போய்வர நேரக் கட்டுப்பாடு. பெயர் பதியும் புத்தகம். சந்தியிலுள்ள வாடகை வீட்டுக்கு இவற்றில் எது உண்டு? இருட்டியபின் நூலகத்திலிருந்து எமது மகள் எங்கே நடக்கவேண்டும் என்பதுதான் கேள்வி: வளாகத்துக்குள் விளக்கெரியும் பாதையிலா, வெளியே ஆளரவமற்ற ஒழுங்கையிலா? உணவும் தொழுகையும் நோன்பும் அங்கே சாத்தியமில்லை என்பதும் தெரியாதவர் பேச்சு. முஸ்லிம் மஜ்லிஸ்கள் ஸஹருக்கும் இப்தாருக்கும் ஒழுங்கு செய்து வருகின்றன. குறையிருக்கலாம். குறையிருந்தால் கேட்டுப் பெறவேண்டியது அவர்களின் உரிமை. உள்ளே ஆளில்லாதவன் எதைக் கேட்பான்?

மூன்றாவது பணம். இதில்தான் ஏழைக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. விடுதிக் கட்டணம் வெளியறை வாடகையோடு பார்த்தால் மிகச் சொற்பம். மஹாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதை வைத்துக்கொண்டு வெளியே அறை வாடகையும் கொடுத்து மூன்று வேளை சாப்பிட எந்தக் கூலியாளின் பிள்ளையால் முடியும்? பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் தேசியத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கப்பட்டு வந்திருக்கிறது. இந்த மாவட்டக் கோட்டாவால்தான் மன்னார்க் கிராமத்துப் பிள்ளைக்கும் பொத்துவில் பிள்ளைக்கும் தூரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. கோட்டா கொடுத்த இடத்தைக் காப்பாற்றுவது விடுதிக் கட்டில். கட்டிலில்லையேல் அந்த இடம் காகிதத்தில் மட்டும். "விடுதி கூடாது" என்ற எமது ஊர்க் கட்டுப்பாடு கொழும்பில் மாமா வீடு உள்ளவனைப் பாதிக்காது. மீன்காரரின் மகளைத்தான் பாதிக்கும். எங்கள் பாடசாலையிலிருந்து அனுமதி பெற்ற ஒரு மாணவி, விடுதி விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வீட்டார் விடாததால் போகவே இல்லை. அவளுக்குத் தனி இல்லம் கட்ட எந்தத் தனவந்தரும் அந்த வருடம் வரவில்லை.

நிருவாகங்களையும் சும்மா விடுவதற்கில்லை. மாணவர் தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கட்டில்கள் அதே வேகத்தில் கூடவில்லை. ஒருவருக்கென்று கட்டிய அறையில் மூவர் படுக்கிறார்கள். பல இடங்களில் முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்குமே முன்னுரிமை. நடுவில் உள்ளவர்கள் அறை தேடி அலைகிறார்கள். இதை எதிர்த்துக் கேட்கவேண்டிய வேளையில், "எங்களுக்கு விடுதியே வேண்டாம்" என்று நாமாக விலகினால் அவர்களுக்கு எவ்வளவு வசதி!

கடைசியாக ஒலுவில். அந்தப் பல்கலைக்கழகம் ஏன் பிறந்தது என்பதை மறந்துவிட்டோமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வந்தாறுமூலைக்கும் அந்தப் போர்ச் சூழலில் எமது பிள்ளைகள் அச்சமின்றிப் போய்த் தங்க முடியவில்லை. படிக்க அனுமதியிருந்தும் இரவு தலைசாய்க்க இடமில்லாத நிலை அது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகவும் தென்கிழக்கு எழுந்ததற்குப் பின்னால் மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சியோடு இந்த வலியும் இருந்தது. இன்று அதே ஒலுவிலில் சிங்கள, தமிழ் மாணவர்களும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களின் பெற்றார், "முஸ்லிம் ஊரில் பிள்ளையை விடமாட்டோம், எமக்குத் தனி இல்லம் வேண்டும்" என்று சொன்னால் எமக்கு எப்படி இருக்கும்? நாம் பேராதனையிலும் றுகுணையிலும் சொல்வதும் அதைத்தானே?

தனவந்தர்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை, மஹாபொல கிடைக்காத பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுங்கள். கட்டில் கிடைக்காத நடு ஆண்டுப் பிள்ளைக்கு வாடகை கொடுங்கள். அது தற்காலிகம் என்று சொல்லிக் கொடுங்கள். பள்ளிவாசல் நிருவாகிகள், ஹொஸ்டலைப் பற்றி எச்சரிப்பதற்கு முன் அங்கே தங்கிப் படித்து வந்த எமது வைத்தியரையும் ஆசிரியையையும் அழைத்துப் பெற்றாருக்கு முன்னால் பேசவைக்கட்டும். எம்போன்ற ஆசிரியர்கள், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில் பிள்ளைகளுக்கு நாளாந்தச் சிங்களமும், உடுப்புத் துவைக்கவும் சோறாக்கவும், முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு, பழக்கிவிட வேண்டும்.

இந்த வருடமும் அனுமதிக் கடிதங்கள் வரும். அவற்றோடு விடுதி விண்ணப்பப் படிவமும் வரும். அந்தப் படிவத்தை வீட்டில் யார் மடித்து வைக்கிறார், யார் நிரப்புகிறார் என்பதை நான் எங்கள் ஊரில் கவனித்துக்கொண்டிருப்பேன். என் கருத்தை மறுப்போர் இதே பக்கங்களில் எழுதட்டும். எழுதும்போது தம் பிள்ளைகள் எங்கே தங்கிப் படித்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.