காலடியில் அமர்ந்த சீமாட்டி

நரம்புச்சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது!

அது ஒரு புழு. நூல் போல மெல்லியது. இரண்டு முழம் வரைகூட வளரும். மனிதனின் உடம்புக்குள் ஏறக்குறைய ஓர் ஆண்டு ஒளிந்து கிடக்கும். பிறகு, காலில் ஒரு கொப்புளம் எழும்பும். நெருப்பை வைத்தது போல எரியும். கொப்புளம் உடைந்ததும் புழு தலையை நீட்டும்.

அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட முடியாது. இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். ஆகவே, புழுவின் நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்ற வேண்டும். இன்று ஒரு விரற்கடை. நாளை ஒரு விரற்கடை. இப்படி நாள் கணக்கில், பொறுமையாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும்.

இந்த வேலையை நாற்காலியில் அமர்ந்து செய்ய முடியாது. நின்றுகொண்டு உத்தரவு போட்டும் செய்ய முடியாது. நோயாளியின் காலடியில் குனிந்து உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒரு கணவனும் மனைவியும் உண்டு. அவர்கள் உட்கார்ந்த இடம், நம் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை!

கணவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி பெயர் ஈவலின். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தவர்கள்.

ஊழியம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஊழியம் என்றால் வேலைக்காரன் செய்யும் வேலை. ஊழியன் என்றால் வேலைக்காரன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் எத்தனையோ பெரிய சொற்கள் இருக்க, இந்தச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், இன்று என்ன ஆயிற்று? ஊழியர் என்பதே ஒரு பட்டம் ஆகிவிட்டது. அந்தப் பட்டத்தோடு ஆள் உயரத்துக்குப் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். வேலைக்காரனுக்கு மாலை, மேளம், முன்வரிசை நாற்காலி!

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்வானேன்? கோவிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுப்போம். அதில் பாதி விளக்கை மறைத்து நம் பெயரை எழுதுவோம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொன்னால், "நான் யார் தெரியுமா?" என்று கேட்போம். இதில் சமய வேறுபாடே கிடையாது.

யார் பெரியவன்?

இந்த நோய் பழைய நோய். ஏசுநாதரின் சீடர்களுக்கே இருந்தது.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு. கடைசி விருந்து. அந்த இரவிலும் சீடர்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். என்ன வாக்குவாதம்? நம்மில் யார் பெரியவன் என்பதுதான்!

அந்த நாட்டில் செருப்புக் காலோடு புழுதியில் நடந்து வருவார்கள். வீட்டுக்கு வந்தவர் காலைக் கழுவுவது வேலைக்காரன் வேலை. அன்று ஏசுநாதர் எழுந்தார். மேல் துணியைக் கழற்றி வைத்தார். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சீடர்களின் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். இதை யோவான் எழுதியிருக்கிறார். பேதுரு பதறிப்போய் மறுத்தார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்பது ஏசுநாதருக்குத் தெரியும். அந்த யூதாசின் காலும் அந்த வரிசையில் இருந்தது. அதையும் கழுவினார்.

இதை நினைத்துத்தான் ஆண்டுதோறும் பெரிய வியாழன் அன்று, குருமார்கள் 12 பேருடைய கால்களைக் கழுவுகிறார்கள். 2013-ஆம் ஆண்டு, பதவி ஏற்ற சில நாட்களிலேயே போப் பிரான்சிஸ் ரோம் நகரில் உள்ள இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போனார். அங்கே இருந்த 12 பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் இருவர் பெண்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள். உலகமே வியந்து பேசியது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. காலைக் கழுவியவர் யார்? குரு. தலைவர். அங்கே இருந்தவர்களில் பெரியவர். அவர் குனிந்தார். வேலைக்காரனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குனி" என்று சொல்லவில்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. பணிவாக இரு என்று யாரிடம் சொல்கிறோம்? மருமகளிடம். தெருக் கூட்டுகிறவரிடம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடம். ஏற்கனவே குனிந்து முதுகு வலிக்கிறவர்களிடம் போய்த் தாழ்மையைப் பற்றிப் பேசுகிறோம். மாமனாரிடமும் மேனேஜரிடமும் யாரும் பேசுவதில்லை.

தாழ்மை வேறு, தாழ்த்தப்படுவது வேறு. தாழ்மை என்பது, நாற்காலி உள்ளவன் தானாக இறங்கி வருவது. அதை இன்னொருவரிடம் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அதற்கு அடிமைத்தனம் என்று பெயர்.

மலை ஏறிய மணப்பெண்

ஈவலின் அம்மையாருக்கு நாற்காலி இருந்தது. நல்ல நாற்காலியாகவே இருந்தது. அவர் 1879-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். ஓவியம் பயின்றவர். அழகி. நாகரிகமாக உடுத்தியவர். அதை எல்லாம் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1913-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்டை மணந்தார். கல்யாணம் ஆனதும் கொல்லிமலையில் குடியேறினார்கள்.

இன்று கொல்லிமலைக்குப் பஸ் போகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றும். அன்று ரோடே கிடையாது. ஒற்றையடிப் பாதை. நடந்துதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சல் வேறு.

அங்கே அவர்கள் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். பல் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். தச்சு வேலையும் விவசாயமும் சொல்லிக் கொடுத்தார்கள்.

சமயத்தைப் பரப்பத்தானே வந்தார்கள் என்று சிலர் கேட்கலாம். ஆம். அதற்காகத்தான் வந்தார்கள். மறைக்கவும் இல்லை. ஆனால், பல ஆண்டுகள் ஆகியும் அவர்கள் சமயத்தில் யாரும் சேரவில்லை. அதற்காக மருந்துப் பெட்டியை மூடிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. அவர்களை எதிர்த்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். அக்கம்பக்கத்தார் கிட்டே வரப் பயந்தார்கள். போய்ப் பணிவிடை செய்தவர்கள், எதிர்க்கப்பட்ட இந்த இருவருமே. சாகும்போது அந்தப் பூசாரி தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

1929-ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது ஈவலினுக்கு வயது 50. மகனும் மகளும் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் இந்த மலைப் பக்கமே திரும்பி வந்தார்.

பிடிவாதக்காரப் பாட்டி

தாழ்மை உள்ளவர் என்றதும், கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். ஈவலின் அப்படிப்பட்டவர் அல்லர். மகா பிடிவாதக்காரி!

வயது 70-ஐ நெருங்கியது. இனி வேலை செய்தது போதும், ஓய்வு பெறுங்கள் என்றது அவரை அனுப்பிய மிஷன் சங்கம். அவர் மன்றாடி ஓராண்டு தவணை வாங்கினார். அந்த ஆண்டும் முடிந்தது. அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? சங்கத்து வேலையில் இருந்து விலகிக்கொள்கிறேன், ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பதவி போயிற்று. பெயருக்குப் பின்னால் இருந்த அமைப்பும் போயிற்று. வேலை மட்டும் மிச்சம். நம்மில் பலருக்கு இது தலைகீழாக இருக்கிறது. வேலை போனாலும் பரவாயில்லை, பதவி இருந்தால் போதும் என்கிறோம். சங்கத்தில் கூட்டம் நடத்தி ஐந்தாண்டு ஆகியிருக்கும். தலைவர் பெயர்ப் பலகைக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருப்பார்கள்!

கொல்லிமலையோடு சேர்த்து ஐந்து மலைகளில் பணி செய்ய வேண்டும் என்று கணவரும் அவரும் ஆசைப்பட்டிருந்தார்கள். அந்த ஆசையை முடிக்கக் கிளம்பினார் அந்தக் கிழவி. கல்வராயன் மலை, பச்சைமலை என்று ஊர் ஊராகப் போனார். ஒரு மட்டக் குதிரை. கையில் மூங்கில் தடி. குதிரையில் இருந்து எத்தனையோ முறை விழுந்தார். விழுந்தால் எழுந்தார்.

75 வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுவதும் வலியோடு தரையிலேயே கிடந்தார். விடிந்த பிறகுதான் ஆள் வந்து பார்த்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையை விட்டு இறக்கினார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போனார்கள்.

அவர் மகன் அப்போது வேலூரில் டாக்டர். 1914-ஆம் ஆண்டு பிறந்த பால் பிராண்ட்தான் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று செய்து காட்டியவர். உணர்ச்சி இல்லாத கால்களுக்கு ஏற்ற செருப்பு எது என்று ஆராய்ந்தவர். மகனும் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாருங்கள்! அவ்வளவு பெரிய டாக்டர் போய்த் தாயிடம் சொன்னார்: மலை போதும், இறங்கி வந்துவிடுங்கள் என்று. பலிக்கவில்லை. தாயார் மலைக்கே திரும்பிவிட்டார்.

இந்தப் பிடிவாதமும் அகந்தைதானே என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால், அவர் அடம் பிடித்தது எதற்கு? மாலைக்கு அல்ல, மேடைக்கு அல்ல. இன்னும் கொஞ்ச நாள் வேலைக்காரியாக இருக்க விடுங்கள் என்று அடம் பிடித்தார். அகந்தை பிடித்த யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நரம்புச்சிலந்திக்கு வருவோம். அந்த நோய் எப்படிப் பரவுகிறது? காலில் புழு உள்ளவன் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளுவான். கால் நனைந்ததும் புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்ப்பூச்சிகள் அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். ஆகவே, கிணற்றில் கால் படாமல் செய்தால் நோய் நின்றுவிடும். ஈவலின் பாட்டி ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் கட்டுங்கள், கயிறு கட்டி வாளியால் இறையுங்கள் என்றார். ஜனங்கள் கட்டினார்கள். அந்த மலைப்பகுதியில் இருந்து நோய் ஓடியது.

இந்தியாவிலேயே கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி 1996-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டார். 2000-ஆம் ஆண்டு, இந்த நாட்டில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தச் சான்றில் பாட்டி பெயர் இருக்காது. படிக்கிணற்றைச் சுற்றிக் கல் அடுக்கிய மலைவாசிகளின் பெயரும் இருக்காது.

கண்ணாடி வேண்டாம்

இன்னும் ஒரு செய்தி. அவர் மகன் எழுதியது.

கடைசி 20 ஆண்டுகள் ஈவலின் அம்மையார் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை! ஒரு காலத்தில் அழகியாக இருந்தவர். வெயிலிலும் காய்ச்சலிலும் முகம் சுருங்கிப்போயிருந்தது. தன் முகத்தை வெறுத்து அவர் கண்ணாடியை எறிந்தார் என்று நான் நினைக்கவில்லை. தன்னைத் தாழ்வாக நினைத்து நினைத்து வருந்துவதும் ஒருவகையில் கண்ணாடி பார்ப்பதுதான். நான் எவ்வளவு எளியவன் பார் என்று சொல்லித் திரிகிறவன் கையிலும் கண்ணாடி இருக்கிறது. பாட்டிக்கு அந்த நேரமே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் காலில் புண் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும்.

93 வயதில் குதிரை மேல் உட்கார முடியாமல் போனது. மலை ஜனங்கள் துணித் தொட்டில் கட்டி, அதில் அவரை வைத்து, ஊருக்கு ஊர் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்படி இரண்டு ஆண்டு.

1974-ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தார். வயது 95. சவப்பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். நல்ல மரத்தை மண்ணில் போட்டு வீணாக்கக் கூடாதாம். ஆகவே, பலநாள் பயன்பட்ட ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.